கிணற்றில் பாதி

ஜெனிற்றா காலை ஐந்தரைக்கு எழும்புவாள். கேத்தலை அடுப்பில் வைப்பாள், முற்றம் கூட்டுவாள், பின்கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போவாள். அவளுடைய கணவன் உதயரூபன் முதல்நாள் ஏதாவதொரு நாட்டில் கோல் அடித்திருந்தால் அந்தப் பந்து கிணற்றில் மிதந்துகொண்டிருக்கும். அதை எடுக்க ஓர் அத்தாங்கு வைத்திருந்தாள். மூங்கில் வளையத்தில் வலை கட்டிய அந்தச் சாமானை அவளுடைய அப்பா பேர்னாட் வாவியில் இறால் வடிப்பதற்காகச் செய்திருந்தார். அவள் அதில் நீளமான தடியொன்றைக் கட்டிக்கொண்டாள். எடுத்த பந்தைப் பழைய சாரத் துணியால் துடைத்து, தாழ்வாரத்து நிழலில் காயவைத்துவிட்டுத் தேநீர் ஊற்றுவாள். வாவிக்கரைக் கிணறு; தண்ணீரில் உவர் உண்டு. முதன்முதல் வந்த பந்து மத்தியானம் வரை கிடந்ததில் தையல் விடத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பந்தையும் அவள் வெயில் ஏறும் வரை கிடக்கவிட்டதில்லை.

ஆறு மணிக்கு அவன் அழைப்பான். கோல் அடித்ததை அவன் சொல்லத் தேவை இருக்கவில்லை. எந்தக் காலால் என்பதை அவள்தான் சொல்வாள்.

“இடது காலா?”

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“பந்து இன்னும் சுத்திக்கொண்டு கிடந்திச்சு.”

உதயரூபன் கரடியனாற்றில் பிறந்தவன். நெல் செய்கிற குடும்பம். அறுவடை முடிந்த வயல் வட்டையில் கால்பந்து விளையாடிப் பழகினான். அரிதாளிலும் வரம்பிலும் பட்டால் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது நிலத்தில் விழும்வரை காத்திராமல் வரும் வழியிலேயே அடிக்கப் பழகிக்கொண்டான். அந்தப் பழக்கம் அவனைப் பத்தொன்பது வயதில் கொழும்புக்கும் இருபத்துமூன்றில் தேசிய அணிக்கும் கொண்டுபோனது. இருபத்தைந்தில் ஜெனிற்றாவைக் கட்டினான். அவள் கத்தோலிக்கப் பிள்ளை, பட்டதாரி, மாவட்டச் செயலகத்தில் உத்தியோகம். அவனுடைய அம்மா புஸ்பத்துக்கு அந்தக் கலியாணத்தில் விருப்பம் குறைவு. ஆனாலும் மாதா கோயிலுக்கு வந்து முன்வரிசையில் இருந்தாள்.

இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் ஒரு பெட்டியுடன் வந்து சேருவான். ஜெனிற்றாவின் சீதன உறுதிப் பத்திரத்தில் வாவிக்கரை வீடும் கிணற்றில் பாதியும் எழுதியிருந்தது. கிணறு இரண்டு வளவுகளின் எல்லையில் இருந்தது. மற்றப் பாதி தங்கை டினோஷாவுக்கென்று வைத்தது. அவளுடைய வளவில் அப்பாவும் அம்மா பீற்றிஸும் இருக்கிற பழைய ஓட்டு வீடும், அவளுக்காகப் போட்டு அத்திவாரத்தோடு நின்றுபோன ஒரு வீடும் இருந்தன. கப்பி தொங்கும் தூணுக்குத் தெற்கே ஜெனிற்றாவின் தண்ணீர், வடக்கே டினோஷாவின் தண்ணீர். பந்துகள் எல்லாம் தெற்கே விழுந்தன.

கலியாணத்துக்கு முன்னர் அவன் அடித்த கோல்களில் பந்து மற்றவர்களுடையதைப் போல வலையிலேயே கிடந்தது. கலியாணம் முடிந்து பதினெட்டாம் நாள் மாலைதீவுக்குப் போனான். அங்கே முதல் ஆட்டத்தில் பதினோராம் நிமிடம் கோல் அடித்தான். வலை அசைந்தது. கோல்காப்பாளர் பந்தை எடுக்கத் திரும்பினார், பந்து இல்லை. நடுவர் வலையில் ஓட்டை தேடினார். பிறகு விசில் ஊதிக் கோலைக் கொடுத்துவிட்டு வேறு பந்து கேட்டார். மறுநாள் காலை ஜெனிற்றா வாளியை விட்டபோது அது எதிலோ தட்டுப்பட்டது. பங்குத்தந்தை வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார், தேநீர் குடித்தார், இதில் பாவம் ஒன்றும் இல்லை என்றார். அயலவர்கள் மூன்று நாள் வந்து பார்த்தார்கள். நான்காம் நாள் வாவியில் இறால் நன்றாகப் பட்டது, யாரும் வரவில்லை. பேர்னாட் மட்டும் சந்தையில் கேட்பவர்களுக்கெல்லாம், “மத்த மருமகன்மார் காசு அனுப்புவானுகள், என்ர மருமகன் பந்து அனுப்புறார். கறி வைக்கேலாது, அதுதான் குறை,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரே கழகத்தில் அவன் இரண்டு பருவம் விளையாடியதில்லை. திறமைக் குறைவால் அல்ல. கோல் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பந்து குறைவதை எந்தக் கழகமும் ஒரு பருவத்துக்கு மேல் பொறுக்கவில்லை. கிண்ணத்தையும் கொடுத்து, கையையும் குலுக்கி, அடுத்த ஆண்டுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள். மாலைதீவு, பங்களாதேஷ், ஓமான், செய்ஷெல்ஸ், மியன்மார், கம்போடியா என்று ஏழு ஆண்டு போனது. காத்தான்குடி நௌஷாட் அவனுடைய முகவர். ஒரு நாட்டின் கதவு அடைபடும்போது இன்னொரு நாட்டில் தொலைபேசி அடிக்கத் தெரிந்தவன். ஓமான் பந்துகள் வந்த காலையில் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. மியன்மார்ப் பந்துகளில் வட்ட வட்ட எழுத்துக்கள். செய்ஷெல்ஸ் பந்தொன்றில் ஒரு சிறிய நண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை ஜெனிற்றா வாவியில் விட்டாள். காய்ந்த பந்துகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தாள். கொக்கட்டிச்சோலையிலிருந்து கரடியனாறு வரைக்கும் பிள்ளைகள் வாசிக்கத் தெரியாத எழுத்துள்ள பந்துகளால் விளையாடினார்கள்.

பந்து ஓர் இரவில் போய்ச் சேரும் வீட்டுக்கு அவன் ஆண்டுக்கொருமுறை போனான், மூன்று வாரம். சிட்டகொங்கில் ஒருநாள், கோல் அடித்த கையோடு பந்தின் பின்னாலேயே ஓடி, வலைக்குள் அதன் மேல் விழுந்து இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தான். கைகளுக்குள் ஒன்றும் மிஞ்சவில்லை. முழங்கை வரை நனைந்திருந்தது. நக்கிப் பார்த்தான், இலேசான உவர். மறுநாள் காலை அவள், “இண்டைக்கு வந்த பந்தில கை அடையாளம் இரிக்கி,” என்றாள். “ரெண்டு கையும். நான் என்ர கைய வச்சுப் பாத்தன். உங்கட கை பெரிசு.” அந்தப் பந்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவில்லை. அலுமாரியின் மேல் வைத்தாள்.

இங்கிருந்து ஒன்றும் போகவில்லை. அவள் ஒருமுறை சுருட்டிய கடிதத்தைப் போத்தலில் அடைத்துக் கிணற்றில் போட்டாள். மூன்று நாள் மிதந்தது, எடுத்துவிட்டாள். பிள்ளை இல்லை. மூன்று வாரத்துக்கு வந்துபோகிறவனுக்கு எப்படிப் பிள்ளை கிடைக்கும் என்று பீற்றிஸ் கேட்டாள். ஆறாம் ஆண்டு ஜெனிற்றா, “விளையாடினது காணும், வாங்க. இஞ்ச பிள்ளையளுக்குப் பழக்கலாம்,” என்றாள். அவன் இன்னும் ஒரு பருவம் என்றான். ஏழாம் ஆண்டு மே மாதத்தோடு வருவதாகச் சொன்னான். அவள் நாட்காட்டியில் மே மாதத் தாளை மடித்து வைத்தாள்.

சனவரியில் மழை ஓயவில்லை, கிணறு விளிம்புவரை நின்றது. ஜெனிற்றாவுக்கு வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவனிடம் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது என்று அவளே சொன்னாள். சனிக்கிழமை பின்னேரம் கம்போடியாவில் அவன் தலையால் ஒரு கோல் அடித்தான். பந்து வழக்கம்போல மறைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அழைத்தபோது டினோஷா எடுத்தாள். வார்ட்டுக்கு வெளியே நடைபாதையில் நின்று, “அத்தான், அக்காக்குக் கொஞ்சம் ஏலாது, பயப்படாதீங்க,” என்று ஏழு நிமிடம் பேசினாள். பீற்றிஸ் சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். இரண்டு பேரும் உள்ளே திரும்பியபோது ஜெனிற்றா உயிரோடு இல்லை. முப்பத்தொரு வயது.

திங்கட்கிழமை காலை உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதுவரை வீடு பூட்டிக் கிடந்தது. உதயரூபன் மூன்று விமானமும் ஒரு வானும் மாறிச் செவ்வாய்க்கிழமை வந்தான், அடக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. அவளுடைய பாதத்தைத் தொட்டான். பிறகு எழுந்து, வந்தவர்களெல்லாம் பார்த்திருக்க, பேர்னாட்டிடம், “மாமா, பந்து வந்ததா?” என்று கேட்டான். பேர்னாட் கிணற்றடிக்குப் போனார். பந்து இல்லை. இரண்டு நாளாக ஊரே அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியிருந்தது. எந்த வாளியிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் திரும்பி வந்து தலையை ஆட்டினார். அவளோடு கிணறும் போய்விட்டது, இனிப் பந்து அங்கே வராது என்று உதயரூபன் எடுத்துக்கொண்டான்.

சுகாதாரப் பரிசோதகர் டெங்கு பரப்பும் நுளம்பைத் தேடி வந்தார். தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த பந்துகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர் தேங்கிய பந்து என்று ஒன்றுகூட இல்லை. நுளம்பின் குடம்பிப் புழுக்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் இருந்தன. உதயரூபன் அவர் போன பிறகும் அந்தப் பந்துகளை மறுபடி திருப்பிப் பார்த்தான். அதிலாவது ஏதாவது இருந்திருக்கலாம் என்பதுபோல இருந்தது அவன் பார்த்த விதம். முப்பத்தோராம் நாள் பூசைக்குப் புஸ்பம் கரடியனாற்றிலிருந்து வந்தாள். “மனே, பொண்டாட்டி இல்லாத வீட்டில ஆம்பிள இரிந்தா ஊர் என்ன சொல்லும்? வா, வீட்ட போவம்,” என்றாள். வழமை அதுதான். பிள்ளை இல்லாதவன் வந்த பெட்டியோடு தாயின் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு கம்போடியாவுக்குப் போனான்.

அதற்குப் பிறகு அவன் கோல் அடிக்கவில்லை. ஓட்டம் குறையவில்லை, கால் குறையவில்லை. வலைக்கு முன்னால் தனியே நின்றும் பந்தைப் பின்னால் வருகிறவனுக்குத் தட்டிக் கொடுத்தான். பெனால்ட்டியைக் கையசைத்து மறுத்தான். காரணம் எளியது. இனி ஒரு கோல் அடித்தால் பந்து எங்காவது இருந்தாக வேண்டும். வலையிலேயே கிடக்கலாம், அல்லது கரடியனாற்றில் அம்மாவின் கிணற்றில் விழலாம். எதுவானாலும் வாவிக்கரையில் அவனுக்கு ஒருவரும் இல்லை என்று ஆகிவிடும். அடிக்காத வரை அது முடிவாகவில்லை. இரசிகர்கள் கூச்சலிட்டார்கள், பிறகு சிரித்தார்கள். மே மாதம் கழகம் அவனை விட்டுவிட்டது. நௌஷாட் அவனைப் பூட்டானுக்கு அனுப்பினான். அங்கேயும் ஜூலை வரை ஒன்றும் இல்லை.

“மச்சான், பந்து மறையிறதெண்டா நான் சமாளிப்பன்,” என்றான் நௌஷாட். “ஏழு வருசம் சமாளிச்சன். பந்தே அடிக்காட்டி ஒன்ன என்னெண்டுடா விக்கிற? கோல் அடிக்காத ஸ்ட்ரைக்கரும் மீன் இல்லாத மீன் வானும் ஒண்டுதான். ஹோர்ன் மட்டும் அடிக்கலாம்.”

“இன்னும் கொஞ்ச நாள் பொறு.”

“என்னத்துக்குப் பொறுக்க?”

அவன் தொலைபேசியை வைத்தான்.

அதே ஜூலையில் டினோஷாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை றொனால்ட், மின்சார வேலை செய்கிறவன், நல்ல பிள்ளை. செப்டெம்பரில் கலியாணம். அத்திவாரம் மட்டும் உள்ள வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது. பீற்றிஸ் பூட்டானுக்குத் தொலைபேசி எடுத்தாள். வீட்டைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

“மருமகன், உங்கட வீட்டு ஓட்டில ரெண்டு இடத்தில ஒழுக்கு. மாத்தோணும். ஆரு இரிக்கப் போறதோ தெரியா, எண்டாலும் மாத்தத்தானே வேணும்.”

“டினோஷா இரிக்கட்டும், மாமி.”

“நான் அதுக்கு எடுக்கல்ல, மருமகன்.”

“தெரியும், மாமி. அது அவவுக்குத்தான் வரோணும். ஜெனியும் அதத்தான் சொல்லியிரிப்பா.”

பீற்றிஸ் நெடுநேரம் அழுதாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அலுமாரியின் மேல் இருக்கிற பந்தை மட்டும் எடுத்துவைக்கச் சொன்னான்.

கலியாணத்துக்கு முன் கிணறு இறைத்துச் சேறு எடுப்பது இங்கே வழக்கம். புதுப்பெண் குளிக்கும் தண்ணீர் பழைய தண்ணீராக இருக்கக் கூடாது. ஓகஸ்டில் கிணறு வற்றி அடி தெரியும் காலத்தில் இரண்டு பேர் மோட்டருடன் வந்து காலையிலிருந்து இறைத்தார்கள். ஒருவர் இறங்கிச் சேறு அள்ளினார். பத்து மணிபோல உள்ளேயிருந்து, “அம்மா, ஆமையெண்டு நினைச்சன். இது பந்து!” என்று சத்தம் வந்தது. வாளியில் மேலே வந்தது தையல் முழுக்க விட்டு, உள்ளே காற்றுப்பை வெடித்து, சேறு நிறைந்த ஒரு பந்து. கழுவியபோது கம்போடிய எழுத்துத் தெரிந்தது. பீற்றிஸ் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். டினோஷா படம் எடுத்து அனுப்பினாள். உடனே அவன் அழைத்தான்.

“தண்ணிக்குள்ள கிடந்ததா?”

“அடியில, அத்தான். சேத்துக்குள்ள. அண்டைக்கே வந்திரிக்கி. நாங்க எல்லாரும் ஆஸ்பத்திரியில. எடுக்க ஆளில்லாமப் பகல் முழுக்க ஊறித் தண்ணிக்குள்ள தாண்டிரிக்கி.”

“எந்தப் பக்கம் கிடந்த?”

“அக்காட பக்கம்.”

அப்படியென்றால் கிணறு போய்விடவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை திம்புவில் ஆட்டம். மூன்றாம் நிமிடத்தில், வலையிலிருந்து இருபத்தைந்து மீற்றர் தூரத்தில், தோளுயரத்தில் வந்த பந்தை நிலத்தில் விழவிடாமல் அடித்தான். வலை அசைந்தது. வந்த நாளிலிருந்து அவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் எழுந்து நின்றார்கள். எல்லாரும் பந்தைத் தேடினார்கள். அவன் வலைப்பக்கம் பார்க்கவில்லை. புல்லில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு டினோஷா அத்தாங்கை எடுத்துக்கொண்டு போனாள். புதுத் தண்ணீர் ஊறியிருந்தது. பந்து கப்பித் தூணுக்குத் தெற்கே மிதந்தது. தொட்டால் விரல் விறைக்கும் குளிர். ஒரு பக்கத்தில் மலைப்புல் ஒட்டியிருந்தது. வெளியே எடுத்து, பழைய சாரத்தால் துடைத்து, தாழ்வாரத்தில் வைத்தாள். ஆறு மணிக்கு அவளே அழைத்தாள்.

“வந்திற்று, அத்தான்.”

அக்கா கேட்கிற கேள்வியை அவளும் கேட்டாள்.

“இடது காலா?”

“வலது.”

“எனக்கு அது பாக்கத் தெரியா, அத்தான்.”

“பரவாயில்ல.”

உறுதி எழுதும் நாளில் நொத்தாரிசு அழகரத்தினம் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வீடும் வளவும் டினோஷாவுக்கு, அது சரி. கிணற்றில் தெற்குப் பாதி உதயரூபனுக்கு என்று சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் கிணற்றில் எந்த ஆண்பிள்ளைக்கும் இதுவரை பங்கு எழுதியதில்லை.

“காணி ஒரு துண்டும் இல்லாமக் கிணத்தில பாதிய எழுதினா அந்த மனுசன் எங்க நிண்டு தண்ணி அள்ளுற?” என்றார்.

“அவர் அள்ள மாட்டார், ஐயா,” என்றார் பேர்னாட். “அவர் போடுறவர்.”

அழகரத்தினம் சற்று யோசித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். தெற்குப் பாதியும், அதை எட்டிப் பார்ப்பதற்கு மூன்றடி அகலமான பாதையும்.

டிசம்பரில் உதயரூபன் வந்தான். டினோஷா வீட்டுக்குள் கூப்பிட்டாள், தேநீர் குடித்தான். அந்த மூன்றடிப் பாதையால் போய்க் கிணற்றுக் கட்டில் கையூன்றி நின்றான். மழைத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அலுமாரியின் மேல் இருந்த பந்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பின்னேரப் பஸ்ஸில் கரடியனாற்றுக்கு, அம்மாவிடம் போனான். பெப்ரவரியில் நௌஷாட் அவனுக்குத் தென்கிழக்கே ஏதோ ஒரு தீவில் கழகம் பிடித்தான். பந்துகள் வருகின்றன. டினோஷா ஐந்தரைக்கு எடுக்கிறாள். அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கிய பிறகு றொனால்ட் எடுக்கிறான். கால் கண்டுபிடிக்க அவனுக்கும் தெரியாது.

ஜெனிற்றா கடைசியாக என்ன சொன்னாள் என்பது பற்றி ஊரில் பல பேச்சு உண்டு. மாதாவே என்று கூப்பிட்டதாகப் பீற்றிஸ் சொல்வாள். கணவனின் பெயரைச் சொன்னதாக அயலில் சொல்வார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாக அச்சடித்தும் இருக்கிறது. அவர்கள் யாரும் அந்த நேரம் பக்கத்தில் இருக்கவில்லை. இருந்தவள் நிஸ்றா என்ற தாதி. மார்ச் மாதம் டினோஷா கிளினிக்குக்குப் போனபோது நிஸ்றா அவளுடைய முகத்தை அடையாளம் கண்டு நிறுத்தி, “தங்கச்சி, அண்டைக்கு அந்தப் பந்த எடுத்தீங்களா?” என்று கேட்டாள். காய்ச்சல் பேச்சு என்று நினைத்து அதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம். சுவர் மணிக்கூட்டில் ஆறு தாண்டியிருந்ததாம். ஜெனிற்றா கண்ணைத் திறந்து யன்னல் பக்கம் பார்த்துவிட்டு, தெளிவாக, வீட்டில் சொல்வதைப் போலச் சொன்னாளாம்:

“விடிஞ்சித்து. பந்து வந்திரிக்கும். வெயில் ஏற முந்தி ஆராவது போய் எடுங்க. கனநேரம் ஊறினா தையல் விட்டிரும்.”